ஆடும், ஆனால் விழாத பெயர்ப்பலகை குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர்,
மூக்குக்கண்ணாடிக் கடை (கீழ்த்தளம்),
மீன்வலைக் கிடங்குக்கு எதிரில்,
துறைமுகச் சாலை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் கடையின் வெளிப்புறப் பெயர்ப்பலகை உறுதியற்ற பொருள்களால் தொங்கவிடப்பட்டிருப்பதாக வந்த அறிவிப்பை மறுத்தும், அதைக் கழற்ற வந்த தங்கள் ஊழியர்களாலேயே கழற்ற முடியாமல் போனதைத் தெரிவித்தும், அறிவிப்பை ரத்து செய்யக் கோரியும்.

பார்வை: தங்கள் அலுவலகப் பெயர்ப்பலகைப் பிரிவின் அறிவிப்பு (பச்சைத் தாள், ஓரத்தில் டீக்கறையுடன் கிடைத்தது).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி வருகிறேன். கண் பார்வை பரிசோதிப்பது, பிரேம் மாற்றுவது, திருகாணி கழன்று ஒரு காதில் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்கு நின்ற இடத்திலேயே முடுக்கிக் கொடுப்பது ஆகியவை என் தொழில். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது என்று வீட்டில் ஒரு கெட்ட பெயர் உண்டு. இது மனு என்பதால் முடிந்தவரை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். எங்காவது வழிந்திருந்தால் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. சென்ற வாரம் வந்த அறிவிப்பில், எங்கள் பலகை "காற்றில் ஆடிக்கொண்டு, உறுதியற்ற பொருள்களால் தொங்கவிடப்பட்டு, பாதசாரிகளுக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில்" இருப்பதாகவும், இந்தப் புதன்கிழமைக்குள் அது அகற்றப்படாவிட்டால் கடையின் உரிமம் புதுப்பிக்கப்படாது என்றும் கண்டிருந்தது. ஆபத்து என்று எழுதியிருந்தால்கூட மனம் தாங்கியிருக்கும், ஐயா. "உறுதியற்ற பொருள்கள்" என்ற இரண்டு சொற்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடி போட்டுப் படித்தேன். கழற்றிவிட்டுப் படித்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தப் பலகையைத் தொங்கவிட என் குடும்பம் பட்ட பாடு தங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சொற்களில் தங்கள் முத்திரை விழுந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாட்டைத் தெரிவிக்கவே இம்மனு.

3. முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதற்கு முன் அதே இடத்தில் ஒரு பலகை இருந்தது, அது விழுந்தது. அதைத் தொங்கவிட்டவர் என் கணவர். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். வண்டியில் எது கழன்றாலும் கட்டுக்கம்பியால் கட்டி வீடு கொண்டுவந்து சேர்த்துவிடுவார், அதே நம்பிக்கையில் பலகையையும் கட்டினார். கொடிக்கயிறு மாட்டுகிற இரண்டு கொக்கி, கொஞ்சம் கட்டுக்கம்பி, மேலே ஒரு பெயிண்ட் பூச்சு, அவ்வளவுதான். எங்கள் சாலையில் கடற்காற்று எப்படி என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் கொக்கி துருப்பிடித்து மெலிந்து, ஒரு சாயங்காலம் பலகை அப்படியே இறங்கி, கீழே நின்ற காய்கறித் தள்ளுவண்டியின் தார்ப்பாய் மேல் உட்கார்ந்தது. தக்காளியைத் தவிர வேறு உயிர்ச்சேதம் இல்லை.

4. சேதம் வேறு வகையில் நேர்ந்தது. கடை இருக்கும் கட்டடம் என் மாமியாருக்குச் சொந்தம். அவர் மாடியில் இருக்கிறார், அவர் அறையின் ஜன்னல் சரியாகப் பலகைக்கு மேலே இருக்கிறது. பலகை மாட்டிய நாளிலிருந்தே "இது விழும்" என்று சொல்லி வந்தவர் அவர். விழுந்ததும் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டார். அன்று மட்டும் கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். சாப்பிடும்போது கேட்டார், துணி மடிக்கும்போது கேட்டார், கண் பரிசோதனைக்கு வந்து எழுத்து அட்டையின் முன் உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் "நீங்களே சொல்லுங்க, சொன்னேனா இல்லையா?" என்று கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய் கடைசி வரியைச் சரியாகப் படித்துவிட்டார்.

5. அதன் பிறகு குடும்பத்தார் அனைவர் முன்னிலையிலும் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னொரு தடவை ஒரு பலகை விழுந்துச்சுன்னா, கடைய காலி பண்ணி ஜெராக்ஸ்காரருக்கு விட்டுடுவேன். அப்புறம் அத்தை, பொத்தைன்னு என்கிட்ட வரக் கூடாது." பக்கத்துத் தெரு ஜெராக்ஸ்காரர் ஏற்கெனவே வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார். என் மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அவர் மகனுக்குச் சின்ன வயதில் இனி ஐஸ் கிடையாது என்று சொன்னவர், இன்றைக்கும் அவருக்கு நாற்பது வயதாகியும் வாங்கித் தரவில்லை. ஆகவே, இரண்டாவது பலகை விழுந்தால் என் கடை போய்விடும் என்பது எங்கள் வீட்டில் சட்டமானது. தாங்கள் கையெழுத்திடும் சட்டங்களைவிட அதற்கு மீறல் குறைவு.

6. இந்தச் சூழ்நிலையில்தான் உறுதியான பொருள்களைத் தேடும் படலம் ஆரம்பித்தது. துறைமுகச் சாலை முனையிலுள்ள இரும்புக் கடைக்காரரை எல்லோரும் துரு அண்ணன் என்று அழைப்பார்கள். எதைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் சொல்வது "துரு பிடிக்கும்" என்பதே. விற்கிற பொருளையே இப்படித் திட்டுகிற வியாபாரியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஆணி எடுத்தேன், துரு பிடிக்கும் என்றார். பளபளவென்று முலாம் பூசிய கொக்கியை எடுத்தேன், "பளபளப்பு முதல் மழைக்குப் போயிடும், அப்புறம் துரு பிடிக்கும்" என்றார். பித்தளை எடுத்தேன். பித்தளை துரு பிடிக்காதே என்று வெற்றிப் புன்னகையோடு அவரைப் பார்த்தேன். அது பிடிக்காது, ஆனால் உங்கள் அலுமினியப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும், உப்புக் காற்றில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால் ஆகாது என்றார். "அப்ப எதைத்தான் வாங்குறது அண்ணே?" என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்து, "பலகை வேண்டாமே" என்றார்.

7. அவர் பேச்சை நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. எனவே ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிவந்து வீட்டிலேயே சோதனை நடத்தினேன். காலி ஊறுகாய்ப் பாட்டில்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் இரும்புக் கொக்கி, ஒன்றில் முலாம் பூசியது, ஒன்றில் பித்தளையும் அலுமினியத் துண்டும், ஒன்றில் எவர்சில்வர் போல்ட்டு என்று போட்டுச் சமையலறை அலமாரியில் வரிசையாக வைத்தேன். நாலாம் நாள் இரும்புப் பாட்டில் டீ நிறத்துக்கு வந்தது. என் கணவர் வேனை நிறுத்திவிட்டு அவசரமாக உள்ளே வந்து, அதை டீ டிகாஷன் என்று நினைத்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஒரு மிடறு குடித்துவிட்டார். அவர் முகம் போன போக்கை இம்மனுவில் விவரிக்க இயலாது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மாமியார் மாடியிலிருந்து இறங்கிவந்து, "இரும்புச் சத்துதான், போகட்டும் விடு" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். அவருக்கும் வேடிக்கையாகப் பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சோதனையின் முடிவில் எவர்சில்வர் போல்ட்டு மட்டும் போட்டபோது இருந்தபடியே இருந்தது. அதிலும் கடலோரத்துக்கென்றே வருகிற உயர்ந்த ரகம் ஒன்று இருப்பதாகத் துரு அண்ணன் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். அதைத்தான் வாங்கினோம். பாட்டில்கள் இன்னும் இருக்கின்றன, தேவையெனில் சமர்ப்பிக்கிறேன்.

8. பொருள் மட்டும் போதாது, ஐயா. இதில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மூக்குக்கண்ணாடியில் இருக்கும் திருகாணி அரிசி முனை அளவுகூட இராது, அதன் மேல் எந்தப் பளுவும் கிடையாது, இருந்தும் ஊரிலுள்ள பாதிப் பேர் கண்ணாடி கழன்று என்னிடம் வருகிறார்கள். காரணம் பளு அல்ல, ஆட்டம். போட்டு, கழற்றி, தலையில் தூக்கி வைத்து, தூங்கி, குலுக்கிக் குலுக்கித் திருகாணி தானாகச் சுற்றிக் கழல்கிறது. தெருவில் தொங்கும் பலகையும் நாள் முழுக்க ஆடுகிறது. ஆகவே உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளையே போட்டேன், அவை எத்தனை ஆடினாலும் தானாகச் சுற்றா. போதாததற்கு, கண்ணாடிக்கு நான் வைக்கிற திருகாணிப் பசையையும் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்தேன். திறந்த கொக்கி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மூடிய வளையம், வளையத்துக்கு வளையம் சேர்க்குமிடத்தில் திருகாணி போட்டு மூடுகிற பூட்டு வளையம். எவர்சில்வரும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் நடுவே நைலான் வாஷர். சுவரிலிருந்து நீண்டு பலகையைத் தாங்கும் கை, பூச்சிலோ செங்கல்லிலோ அல்ல, காங்கிரீட் உத்தரத்துக்குள், உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட்டுகளில் நிற்கிறது.

9. பலகையின் வடிவத்தையும் தெரிவிக்க வேண்டும். அது ஒரு பெரிய மூக்குக்கண்ணாடி. கண்ணாடி இருக்க வேண்டிய இரண்டு வட்டமும் வெறும் ஓட்டை. அழகுக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காற்றுக்காக. மூடிய பலகையைக் காற்று தள்ளும், ஓட்டை வழியே போய்விட்டால் தள்ள என்ன இருக்கிறது? மீதிக் காற்றுக்கு அது கொஞ்சம் ஆடிக்கொடுக்கட்டும் என்றுதான் தொங்கும்படி வைத்தோம். அசையாமல் இறுக்கிப் பிடித்திருந்தால் ஒவ்வொரு காற்றும் சுவரைப் போட்டு இழுக்கும். அது ஆடுவது குறை அல்ல என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். நாங்கள் அதை ஆடும்படிதான் செய்தோம்.

10. மாட்டி முடித்ததும் என் கணவர் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கிக் காட்டினார். அவர் கனமானவர். வேனில் வந்த பிள்ளைகள் எண்ணிக்கொண்டே இருந்தார்கள், முப்பதைத் தாண்டியதும் அவர் கை விட்டுவிட்டது, பலகை விடவில்லை. வலைக் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். நான் தெருவில் நின்று குதித்தேன், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மாமியார் மட்டும் ஜன்னலில் நின்று, "இது விழும்" என்றார்.

11. அதன் பிறகு நல்லபடியாகவே போயிற்று. கண்ணாடி ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வழி கேட்பவர்களுக்கு எல்லோரும் "பெரிய கண்ணாடிக்குப் பக்கத்துல" என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு தொந்தரவு, அதுவும் பலகையால் என்று அப்போது தெரியாது. காற்றடிக்கும்போதெல்லாம் மாடியில் மாமியாரின் இரும்பு பீரோ கடகடவென்றது. என்ன அத்தை சத்தம் என்று கேட்டால் "எலி" என்பார். எலிப்பொறி வாங்கிக் கொடுத்தோம், அவரே வைத்துக்கொண்டார், ஒன்றும் விழவில்லை. பீரோவை நகர்த்திப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டதற்கு, அதைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டார். பீரோவுக்குள் குடும்பம் நடத்துகிற எலி என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

12. இப்படியிருக்கையில், காற்று பலமாக இருந்த ஒரு நாளில் தங்கள் பெயர்ப்பலகைப் பிரிவு ஆய்வாளர் அவ்வழியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ஆடுது" என்றார். ஆமாம் சார், ஆடும் என்றேன். "ஆடுறது விழும்" என்றார். என் மாமியாரின் கட்சியில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் தவறாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்காக அவரிடம் இம்மனு மூலம் மன்னிப்பும் கோருகிறேன். பாட்டில் சோதனையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பச்சைத் தாள் வந்தது.

13. நேற்று, கெடு முடியுமுன்பே, அகற்றும் குழு வந்துவிட்டது. மேஸ்திரி ஒருவர், உதவியாளர் ஒருவர், ஓர் ஏணி, ஒரு பை நிறையச் சாமான்கள். முதல் காரியமாக "அபாயம்" என்று அச்சிட்ட அட்டை ஒன்றை எங்கள் பலகையில் நூலால் கட்டினார்கள். மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அந்த அட்டை அறுந்து பறந்து சாக்கடையில் விழுந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

14. மேஸ்திரி நல்ல மனிதர். கடையைக் கெடுக்க வந்தவராக அவர் நடந்துகொள்ளவில்லை. "உத்தரவும்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். முதல் நட்டில் ஸ்பானரை வைத்தார். நட்டு அசையவில்லை. பலம் போட்டார், ஏணி அசைந்தது. இன்னொரு ஸ்பானர் கேட்டு வாங்கினார், அது வழுக்கியது. எண்ணெய் விட்டார். உள்ளே பசை போட்டிருக்கிறது என்று நான் கீழிருந்து உண்மையைச் சொன்னேன். ஒருவரை ஏமாற்றி ஏணியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "எவ்வளவு போட்டீங்க?" என்றார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு என்றேன். அவர் ஸ்பானரைப் பைக்குள் போட்டார்.

15. கடைசியில் வெட்டுகிற கருவியை எடுத்து ஒரு பூட்டு வளையத்தை வெட்டினார். ஒரு பக்கம் பலகை சாய வேண்டியது. சாயவில்லை. மேஸ்திரி பின்பக்கம் கைவிட்டுத் துழாவிப் பார்த்து, "இங்க ஒரு கம்பிக்கயிறு ஓடுதே?" என்றார். அப்படி ஒன்றை நான் போடவே இல்லை. திரும்பிப் பார்த்தால் என் கணவர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. முதல் பலகை விழுந்த அவமானம் தாங்காமல், நான் கண் முகாமுக்குப் போயிருந்த அன்று துரு அண்ணனிடம் கம்பிக்கயிறு வாங்கி ரகசியமாகப் போட்டிருக்கிறார். என் போல்ட்டுகளின் மேல் நம்பிக்கையில்லையா என்று கேட்டேன். "உன் போல்ட் மேல நம்பிக்கை இருக்கு. என் ராசி மேலதான் இல்ல" என்றார். தெருவே நின்று சிரித்தது, மேஸ்திரி உட்பட.

16. கம்பிக்கயிற்றையும் ஒரு பக்கம் வெட்டினார்கள். பலகை அப்போதும் சாயவில்லை. அப்போதுதான் உதவியாளர் கீழிருந்து அதைக் கண்டார். கண்ணாடியின் மூக்குப் பாலத்திலிருந்து ஒரு சங்கிலி, மழைநீர்க் குழாயின் ஓரமாகவே சுவரோடு சுவராக மேலே போனது. சுவரின் நிறமே அதற்கும் பூசப்பட்டிருந்ததால் யார் கண்ணிலும் இதுவரை படவில்லை. கண் பரிசோதிக்கிறவளான என் கண்ணிலும் படவில்லை. சங்கிலி மாடி ஜன்னலின் கம்பி வழியே உள்ளே போயிருந்தது. என் மாமியாரின் ஜன்னல்.

17. நானும் என் கணவரும் மாடிக்கு ஓடினோம். சங்கிலி ஜன்னலிலிருந்து பாய்க்கு அடியில் தரையோடு வந்து, இரும்பு பீரோவின் காலைச் சுற்றி, பெரிய பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. காற்றில் கடகடவென்றது எலி அல்ல. எலிப்பொறி பக்கத்திலேயே, மசால்வடையோடு, யாருக்கும் பயன்படாமல் இருந்தது. பிறகு விசாரித்ததில் தெரிய வந்தது: நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், மாமியார் துரு அண்ணனை வரவழைத்து இந்த வேலையைச் செய்திருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை என்று துரு அண்ணன் என் கணவருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார், மாமியாருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருந்தார், இரண்டையும் காப்பாற்றிவிட்டார். கடையில் என்னைக் கண்டபோதெல்லாம் அவர் ஏன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நேற்றுதான் விளங்கிற்று.

18. மேஸ்திரி ஜன்னலுக்கு நேராக ஏணியை நகர்த்தி ஏறிவந்து, சாவி தருமாறு மரியாதையாகக் கேட்டார். சாவி மாமியாரின் இடுப்பில் இருந்தது. தர முடியாது என்றார். அரசாங்க உத்தரவு என்றார் மேஸ்திரி. பலகை நகராட்சிக்கு ஆகாமல் இருக்கலாம், பீரோ என்னுடையது, அதன் காலில் போட்ட பூட்டைத் திறக்கச் சொல்ல எந்த உத்தரவு இருக்கிறது, காட்டு என்றார் இவர். இந்த இடத்தில் சட்டப்படி யார் சொன்னது சரி என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். மேஸ்திரி உத்தரவுத் தாளைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டபடி ஒரு படி கீழே கால் வைத்தபோது, காலையில் பெய்த மழையின் ஈரத்தில் ஏணியின் அடி வழுக்கிவிட்டது.

19. ஐயா, ஏணி சரிந்தது. மேஸ்திரி கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது எங்கள் கண்ணாடிப் பலகையின் கீழ்விளிம்பு. அவர் முழு ஆளும் அதில் தொங்கினார். ஒரு வளையம் வெட்டப்பட்டு, கம்பிக்கயிறு பாதி வெட்டப்பட்டு, தங்கள் அறிவிப்பின்படி உறுதியற்றதாக இருந்த அந்தப் பலகையில், தங்கள் அலுவலக ஊழியர் தொங்கினார். பலகை ஆடியது. பீரோ கடகடவென்றது. கீழே எல்லோரும் கத்தினார்கள், யார் என்ன கத்தினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரு குரல் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. என் மாமியார் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் வாழ்நாளில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "விட்டுடாத தம்பி! கெட்டியா புடிச்சுக்கோ! அது விழாது!"

20. விழவில்லை. உதவியாளரும், மாடியிலிருந்து ஓடி இறங்கிய என் கணவரும் ஏணியைத் தூக்கி நிறுத்தினார்கள், மேஸ்திரி பத்திரமாக இறங்கினார். அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. என் கடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்ததும் அவர் என்னிடம் சொன்னது: "சார்கிட்ட எழுதிக் குடுங்கம்மா. நானே தொங்கிப் பார்த்துட்டேன்னு எழுதுங்க. தேவைப்பட்டா நான் வந்து சொல்றேன்." அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். வெட்டிய வளையத்துக்கும் கம்பிக்கயிற்றுக்கும் பதில் புதியவை நேற்றே போட்டாகிவிட்டன. அதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டவர் மேஸ்திரிதான்.

21. எல்லோரும் போன பிறகு நான் மாமியாரிடம் கேட்டேன். விழுந்தால் கடையை ஜெராக்ஸ்காரருக்கு விடுவேன் என்று சொன்னது நீங்கள்தானே, பிறகு எதற்கு உங்கள் பீரோவிலேயே கட்டி வைத்தீர்கள் என்று. அவர் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சொன்னா சொன்னதுதான். மாத்த முடியாது. அதனாலதான் விழாம பாத்துக்கிட்டேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஐயா. எனக்குச் சிரிப்பு வராத நேரங்கள் மிகக் குறைவு என்பதால் அதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் கையிலிருந்த ஈரப் புடவையின் மறுமுனையைப் பிடித்து நானும் உதறினேன். இருவரும் சேர்ந்து காயப் போட்டோம்.

22. ஆகவே பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,

அ) மேற்படி அறிவிப்பை ரத்து செய்து, அதிலுள்ள "உறுதியற்ற பொருள்கள்" என்ற சொற்களை நீக்கித் தருமாறும்,

ஆ) கெடுவைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்காமல், எங்கள் கடையின் உரிமத்தைப் புதுப்பித்துத் தருமாறும்,

இ) பலகையின் உறுதியில் இன்னும் சந்தேகம் இருப்பின் ஆய்வாளர் அவர்களை மறுபடி அனுப்பி வைக்குமாறும், காற்று பலமாக இருக்கும் நாளாகப் பார்த்து அனுப்பினால் நல்லது, அவர் விரும்பினால் தொங்கியும் பார்க்கலாம், கண் பரிசோதனையும் செய்து தருகிறேன்,

ஈ) இறுதியாக, சங்கிலியைப் பற்றி. பீரோவில் பெயர்ப்பலகையைக் கட்டுவது எந்த விதியிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்தச் சங்கிலி அன்றாடம் எந்தப் பளுவையும் தாங்குவதில்லை, லேசான தொய்வோடுதான் கிடக்கிறது. என் போல்ட்டுகளே போதும். இருந்தாலும், மற்ற எதைக் கழற்றச் சொல்லி உத்தரவிட்டாலும் நான் கட்டுப்படுவேன், அந்த ஒன்றை மட்டும் கழற்றச் சொல்ல வேண்டாம் என்றும்

இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காக வாசலில் கண் வைத்துக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர்

இடம்: கடை மேசை, பலகைக்கு நேர் கீழே
நாள்: கெடு முடிவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, நல்ல காற்று

நகல்: பெயர்ப்பலகைப் பிரிவு ஆய்வாளர் அவர்களுக்கு.

இணைப்பு: வெட்டப்பட்ட பூட்டு வளையம் ஒன்று (துரு இல்லை என்பதைக் கவனிக்கவும்).

மனுவை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். கீழே தன் கையால் ஒரு வரி எழுதித் தருவேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் எழுதியது:

ஆபீசர் தம்பிக்கு, பலகை விழாது. விழுந்தா என் பீரோவும் கூடவே வந்து விழும், என் புடவை மொத்தமும் அதுலதான் இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கும், குடுக்க மாட்டேன். ஜெராக்ஸ்காரரை வேற இடம் பாக்கச் சொல்லிட்டேன்.